எச்.ஐ.வி. உள்ளோரின் கண்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் பரிசோதனை அறையில் எழுத்து அட்டை காட்டுவதும், கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவதுமாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டாக்டர் இல்லை. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அறைக்குள் கேட்கப்பட்டவை அல்ல. கூட வந்தவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, வராந்தாவில் குரலைத் தாழ்த்திக் கேட்டவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. வந்தா கண்ணு போயிருமா?

போகாது. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு அடங்கி, சிடி4 அணுக்கள் நல்ல எண்ணிக்கையில் இருப்பவருக்கு, எச்.ஐ.வி.யால் பார்வை போவது அரிது.

சிடி4 என்பது உடம்பின் காவல் படையில் ஒரு வகை வெள்ளணு. சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே இறங்கினால் உடம்பு பலவீனப்பட்டுவிட்டது என்று பொருள். 100க்குக் கீழே போனால் கண்ணுக்கு ஆபத்து தொடங்குகிறது. 50க்குக் கீழே இருப்பவரின் கண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வருவதற்கு முன்னால், அமெரிக்காவில் எய்ட்ஸ் நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒரே ஒரு விழித்திரை நோய் (கீழே சொல்லும் சிஎம்வி) வந்து பார்வையைக் குலைத்தது. மருந்து வந்தபின் அது பெருமளவு குறைந்துவிட்டது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசே ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. அப்படியிருந்தும் கண் போகிறது என்றால், ஒன்று நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்திருப்பார்கள், இல்லையென்றால் மாத்திரையை இடையில் விட்டிருப்பார்கள். நான் பார்த்தவர்கள் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

கிருமி நேரா கண்ணுக்குள்ள போயா கெடுக்குது?

பெரும்பாலும் இல்லை. எச்.ஐ.வி. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கொஞ்சம் பாதிக்கும். டாக்டர் கருவி வைத்துப் பார்க்கும்போது பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள் தெரியும். நோயாளிக்கு எதுவும் தெரியாது, பார்வையும் அநேகமாகக் குறையாது, திட்டுகள் தானாகவே மறையும். எச்.ஐ.வி. உள்ளோரின் கண்ணில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். சர்க்கரை நோயிலும் ரத்தக் கொதிப்பிலும் இதே போன்ற திட்டுகள் வரும் என்பதால், அவையும் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உண்மையான சேதம் செய்பவை, காவல் குறைந்த வீட்டில் புகும் மற்ற கிருமிகள்.

வலி இல்ல, செவப்பு இல்ல, பீளை தள்ளல. அப்புறம் எதுக்கு கண்ணு டாக்டரப் பாக்கணும்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

சிஎம்வி என்று ஒரு வைரஸ் உண்டு. நம் ஊரில் வளர்ந்த பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் அது சின்ன வயதிலேயே நுழைந்து சும்மா படுத்துக் கிடக்கிறது. சிடி4 50க்குக் கீழே இறங்கும்போது அது எழுந்து விழித்திரையை அரிக்கத் தொடங்கும். விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. கண் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. உள்ளே தேங்காய்ப் பூவில் குங்குமம் சிந்தியதுபோல வெள்ளையும் சிவப்புமாகத் திட்டு பரவிக்கொண்டிருக்கும். ஒரு கண்ணில் தொடங்கி, கவனிக்காவிட்டால் மறு கண்ணுக்கும் வரும். சிகிச்சை இல்லாமல் விட்டால் சில மாதங்களில் முழுப் பார்வையும் போகும். அரித்துப்போன விழித்திரை மெலிந்து கிழிந்து, சுவரிலிருந்து காரை பெயர்வதுபோலப் பிரிந்தும் விடும்.

கடலுக்குப் போகும் ஒருவர் வந்தார். வலது கண்ணில் "கொசு பறக்குத மாதிரி இருக்கு, உப்புத் தண்ணி பட்டதாட்டு இருக்கும்" என்றார். ஒரு மாதமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு கழுவிக்கொண்டிருந்தார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எதிரே என் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். "ஒங்க நெத்தி தெரியுது, வாய் தெரியல" என்றார். இரண்டு கண்ணும் திறந்திருந்ததால் ஒன்றின் குறையை மற்றது மறைத்திருந்தது. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது எங்களுக்குத் தெரியாது. கண்ணில் கொசு பறப்பது அவர் மருந்து வாங்கும் இடத்தில் தெரியாது. இரண்டு இடத்துக்கும் நடுவில் அவர் மட்டும் நின்றிருந்தார்.

சிடி4 100க்குக் கீழே என்று அறிந்த உடனேயே, ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையை முழுதாகப் பார்க்க வேண்டும். 50க்குக் கீழே இருக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். நோய் பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில் தொடங்கும். அட்டையில் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, ஓரத்தில் நோயோடு எழுந்து போனவர்கள் உண்டு. எழுத்து அட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே பாத்துக்க வழி உண்டா?

உண்டு, ஆனால் அது டாக்டர் பார்ப்பதற்கு ஈடாகாது. காலையில் தேதி கிழிக்கும் காலண்டரின் முன் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடி எண்ணைப் பாருங்கள், பிறகு மற்றக் கண். ஜன்னல் கம்பிகளையும் அதேபோல் பாருங்கள். கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால், புதிதாகக் கொசுவோ நூலோ மிதந்தால், இருட்டில் மின்னல் வெட்டினால், ஒரு பக்கம் திரைச்சீலை இழுத்ததுபோல் மறைத்தால், அன்றைக்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, திருவிழா முடிந்த பிறகு என்று தள்ளக் கூடாது.

சிஎம்விக்கு மருந்து உண்டா? கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்களாமே!

உண்டு. வால்கான்சைக்ளோவிர் என்ற மாத்திரை. முதல் மூன்று வாரம் தினம் இருவேளை, பிறகு தினம் ஒருவேளை. இதை எடுக்கும்போது ரத்த வெள்ளணுக்கள் குறையலாம் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள். நோய் பார்வையின் மையத்தை நெருங்கியிருந்தால், கான்சைக்ளோவிர் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள், வாரம் ஒன்றோ இரண்டோ.

கேட்கத்தான் பயம். மரத்துப்போகச் சொட்டு விட்ட பிறகு ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்ட பலரும் "இதுக்கா ராத்திரி முழுக்க ஒறங்காம கெடந்தேன்" என்றுதான் எழுந்தார்கள். மாத்திரை உடம்பு முழுவதையும் மறு கண்ணையும் காக்கும். ஊசியோ, அதைப் போட்ட கண்ணை மட்டும் காக்கும்.

இந்த மருந்து நோயை நிறுத்தும், செத்த விழித்திரையைத் திரும்பக் கொடுக்காது. சிடி4 100க்கு மேல் ஏறிச் சில மாதம் நிலைத்த பிறகே டாக்டர் இதை நிறுத்துவார். அந்த ஏற்றத்தைக் கொடுப்பது ஏ.ஆர்.டி. மாத்திரைதான்.

மாத்திரை தின்னத் தொடங்கின பொறவுதான் கண்ணு மங்கலாச்சு. மாத்திரையை நிறுத்தட்டா?

நிறுத்தாதீர்கள். சிஎம்வி வந்துபோன கண்ணில், மருந்தின் பலனாகக் காவல் படை திரும்பி வரும்போது பழைய இடத்தில் ஒரு சண்டை நடக்கும். கண்ணுக்குள் அழற்சி ஏற்படும், விழித்திரையின் மையம் நீர் கோத்துக்கொள்ளும். மருந்து தொடங்கிச் சில வாரத்திலோ மாதத்திலோ இது வரலாம். ஸ்டீராய்டு போன்றவற்றால் டாக்டர் இதைச் சரிசெய்வார். ஏ.ஆர்.டி.யை விட்டால் அழற்சி அடங்கும், கூடவே நோய் மறுபடி ஏறிவிடும்.

நெத்தியில அக்கி வந்திருக்கு. எழுதப் போகலாமா?

அக்கி என்றால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி கொண்டு எழுதிவருவது நம் பக்கத்து வழக்கம். காவி பூசியதால் மனம் ஆறலாம். ஆனால் ஒருபக்க நெற்றி, இமை, மூக்கு என்று அக்கி வந்தால் நேரம் மிக முக்கியம். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸே நரம்பில் ஒளிந்திருந்து அக்கியாக வெளியே வருகிறது. மூக்கின் நுனியில் கொப்புளம் இருந்தால், அதே நரம்பின் கிளை கண்ணுக்குள்ளும் போவதால், கண் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம். ஏசைக்ளோவிர் மாத்திரையை முதல் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்.

அக்கி வர சிடி4 மிகவும் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு முகத்தில் அக்கி வந்தால், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது வழக்கம். சொல்லும் டாக்டர் உங்கள் நடத்தையைச் சந்தேகிக்கவில்லை. அவரைக் கோபிக்காதீர்கள்.

இந்த வைரஸ், காவல் மிகக் குறைந்த உடம்பில், சில நாட்களிலேயே விழித்திரையை அழிக்கும் ஒரு வடிவத்திலும் வரும். சிஎம்வி மாதக் கணக்கில் செய்வதை இது நாள் கணக்கில் செய்துவிடும்.

கண் சிவந்து, வெளிச்சம் பாக்க முடியல. மெட்ராஸ் ஐதானே?

மெட்ராஸ் ஐயில் பீளை தள்ளும், அரிக்கும், வீட்டில் நாலு பேருக்கு வரும். பீளை இல்லாமல் வலியும் கூச்சமும் மங்கலும் இருந்தால் அது கண்ணின் உள் அழற்சியாக இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு இதன் பின்னால் காசநோய், டாக்சோபிளாஸ்மா, ஹெர்பிஸ், சிபிலிஸ் என்று ஏதாவது இருக்கலாம். சிபிலிஸ் ஒரு பால்வினை நோய், கண்ணைத் தாக்கினால் எந்த நோய்போலவும் வேஷம் போடும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும், பென்சிலின் ஊசியில் கட்டுப்படும். இத்தனை எளிதாகத் தீரும் ஒன்றை வெட்கத்தால் விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையத்தில் பால்வினை நோய்களுக்கு ரகசியமாகவே பார்ப்பார்கள்.

மெடிக்கல் ஸ்டோரில் நீங்களாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு இரண்டு நாள் சிவப்பைக் குறைத்துவிட்டு, உள்ளே கிருமியை வளர்க்கும். நந்தியாவட்டைச் சாறு, முலைப்பால், இளநீர், எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. நம் அம்மைமார் அன்போடு செய்தவைதான். கருவிழியில் புண்ணோடு வந்தவர்களைப் பார்த்த பிறகு நான் இதில் தாட்சண்யம் காட்டுவதில்லை.

டிபி மாத்திரையும் சேத்து தின்னுறேன். கலர் எல்லாம் வெளிறித் தெரியுது.

இன்றே டாக்டரைப் பாருங்கள். காசநோய் மருந்துகளில் எதாம்ப்யூட்டால் என்பது சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். இரண்டு கண்ணும் வலியில்லாமல் மெதுவாக மங்கும், முதலில் சிவப்பும் பச்சையும் குழம்பும். தோவாளையில் பூக்கட்டும் ஓர் அம்மா தனக்கு வந்ததைச் சொன்ன விதம் மறக்கவில்லை: "அரளிப்பூவும் எலையும் ஒண்ணு போல கெடக்கு." சீக்கிரம் கண்டுபிடித்து அந்த ஒரு மருந்தை டாக்டர் நிறுத்தினால் பலருக்குப் பார்வை திரும்பும், சில மாதம் ஆகலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து அதிகம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் லினிசோலிட்டும் இதே போல் செய்யலாம்.

நீங்களாக எல்லா டிபி மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்து தொடங்கும் முன்பே பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் ஒருமுறை பரிசோதித்துக் குறித்து வைப்பது நல்லது. பிறகு ஒப்பிடலாம்.

தலைவலி விடல, ஒண்ணு ரெண்டா தெரியுது.

இது அவசரம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளை உறையைத் தாக்கினால், மண்டைக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு வீங்கும், கண் மாறி இரட்டையாகத் தெரியும், வாந்தி வரும். கண் மருத்துவமனையைத் தேடி அலையாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வெள்ளை முழியில சதை வளருது. கடக்கரையில எல்லாருக்கும் உள்ளதுதானே?

வெயிலும் காற்றும் படும் கடல் தொழிலாளிகளுக்குக் கண்ணில் சதை வளர்வது சாதாரணம்தான், பெரும்பாலும் அது தீங்கற்றது. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது கண் வெண்படலப் புற்றுநோயாகவும் இருக்கலாம். வேகமாக வளர்ந்தாலும், வெள்ளைப் பொருக்குப் படிந்தாலும் காட்டுங்கள். சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுத்துப் பரிசோதிப்பது எளிது.

நாப்பத்தஞ்சு வயசாச்சு, பேப்பர் வாசிக்க முடியல. இதுவும் எச்.ஐ.வி.யா?

வெள்ளெழுத்து. எல்லாருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் போதும். சர்க்கரையும் இருந்தால் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பாருங்கள். மாத்திரை ஒழுங்காக எடுக்கும் பலருக்கு இன்று எச்.ஐ.வி.யை விடச் சர்க்கரைதான் கண்ணுக்குப் பெரிய எதிரி.

கண்ணீர்ல பரவுமா? ஒரே துண்டு, கண்ணாடி?

பரவாது. கண்ணீரால் யாருக்கும் எச்.ஐ.வி. தொற்றியதாக அறியப்படவில்லை. கண்ணாடியாலோ, துண்டாலோ, ஒரே தலையணையாலோ தொற்றாது. மெட்ராஸ் ஐ இருக்கும்போது மட்டும் துண்டைத் தனியாக வையுங்கள், அதற்கும் எச்.ஐ.வி.க்கும் சம்பந்தமில்லை. அம்மா அழும்போது கண்ணைத் துடைக்க மகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். துடைத்துவிடு மக்களே, ஒன்றும் ஆகாது.

கண் டாக்டர்ட்ட எனக்கு இது இருக்குன்னு சொல்லணுமா? ஊரு பூரா தெரிஞ்சிராதா?

சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் மாவட்டம் சின்னது. குளச்சல் பஸ்ஸில் ஏறினால் தக்கலைக்குள் ஒரு சொந்தக்காரர் ஏறிவிடுவார். கல்ஃப் மெடிக்கலில் அன்ஃபிட் என்று வந்ததை வீட்டிலேயே சொல்லாமல், விசா கிடைக்கவில்லை என்று சமாளித்துக்கொண்டு வருடக்கணக்கில் மருந்தும் எடுக்காமல் இருந்தவர்கள் உண்டு. அவர்கள் பார்வை போனதும் அந்த மறைப்பால்தான்.

சொல்லாவிட்டால், மிதக்கும் கொசுவை வயதின் கோளாறு என்று டாக்டர் விட்டுவிடலாம். சொன்னால் பாப்பாவை விரித்து ஓரம் வரை தேடுவார். ஊசி எது, மாத்திரை எது, ஏ.ஆர்.டி.யோடு எது ஒத்துப்போகும் என்று யோசிப்பார். அதேபோல ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கும்போது கண்ணில் இருக்கும் தொந்தரவையும் சொல்லுங்கள். இரண்டு கதவிலும் தட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

சட்டமும் உங்கள் பக்கம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, நிலையை வெளியிடக் கூடாது, சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது. பெயர் கூப்பிடும் இடத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

கண்புரை ஆபரேஷன் பண்ண மாட்டேன்னுட்டாங்க.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை ஓரிடத்தில் ரத்த முடிவு பார்த்ததும் "மெஷின் ரிப்பேர், அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று அவருக்குப் பின்னால் நின்ற ஏழு பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பிய்க்க முடியாமல் பிய்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

எச்.ஐ.வி. இருப்பது கண்புரை அறுவைக்குத் தடையில்லை. எல்லா நோயாளிக்கும் எடுக்கும் அதே பாதுகாப்பு முறைகள் போதும். மறுத்தால் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் சொல்லுங்கள், 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் பேசுங்கள், மாநில குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் ஆபரேஷன் நடந்து, இப்போது ஊசியில் நூல் கோக்கிறார்.

கண் தானம் செய்யலாமா?

எச்.ஐ.வி. உள்ளோரின் கண்ணை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் கொடுக்கலாம்.

எங்க போகணும், என்ன கொண்டு போகணும்?

எச்.ஐ.வி. பரிசோதனையே செய்யாதவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. விழித்திரைக்கு மேல் சிகிச்சை என்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்புவார்கள், இரண்டும் காலையில் போய் ராத்திரி திரும்பும் தூரம்தான்.

ஏ.ஆர்.டி. புத்தகம், கடைசியாகப் பார்த்த சிடி4 மற்றும் வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) முடிவு, சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையும், பழைய கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெயில் கண்ணைக் குத்தும். அன்றைக்கு பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு கறுப்புக் கண்ணாடியோ, இல்லையென்றால் குடையோ போதும். கூட யாராவது வந்தால், திரும்பும் பஸ்ஸின் போர்டை அவர் வாசித்துச் சொல்வார்.